பேர் வெட்டிய தட்டுகள்

அத்தியாயம் 11

கோலத்தை முடித்துவிட்டு நிமிர்ந்த பூங்குழலி, வாசற்படி ஓரத்தைப் பார்த்தாள். மாமனாரின் செருப்பைக் காணவில்லை.

"மாமா போயிட்டாரா?" என்றாள், பல் துலக்கிக்கொண்டே வந்த கணவனிடம்.

"விடியறதுக்கு முன்னாடியே கடைக்குப் போயிட்டாரு. லோடு வருதாம்," என்றான் ரஞ்சித்.

"இன்னைக்கா?"

அவன் வாய் கொப்பளிக்கப் போய்விட்டான்.

இன்று ரஞ்சித்தின் தங்கை அமலாவுக்கு வளைகாப்பு. திண்டிவனத்தில் அவள் புகுந்த வீட்டில் மாடி கட்டும் வேலை நடந்துகொண்டிருந்ததால், செஞ்சியில் பிறந்த வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு பக்கத்தாரும் பேசி முடித்திருந்தார்கள். அம்மா இல்லாத பெண். அப்படியிருக்க, பெற்ற தகப்பன் இந்த நாளில் லோடு இறக்கப் போவாரா?

போவார். ஏன் போனார் என்பதும் பூங்குழலிக்குத் தெரியும்.

செஞ்சி பஜாரில் அரங்கநாதன் ஸ்டோர்ஸைத் தெரியாதவர்கள் குறைவு. பேப்பர் தட்டு, பேப்பர் கப், மேசைக்கு விரிக்கும் ரோல் என்று ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் சாமான்கள் அத்தனையும் அங்கே கிடைக்கும். சுற்றுவட்டாரத்தில் காதுகுத்து, கல்யாணம், கருமாதி எதுவானாலும் முதல் ஆள் வந்து நிற்பது அந்தக் கடையில்தான்.

அந்தக் கடைக்காரர் வீட்டு மருமகள்தான், காய்கறித் தோலை மாடியில் தொட்டி வைத்து மக்கவிட்டாள்; துணிப்பை இல்லாமல் மார்க்கெட்டுக்குப் போக மறுத்தாள். அதையெல்லாம் மாமனார் அரங்கநாதன் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். அந்த எருவில் காய்த்த கத்தரிக்காயைக் கேட்டு வாங்கிச் சாப்பிடவும் செய்தார். ஆனால் வளைகாப்புப் பேச்சு வந்தபோது பூங்குழலி ஒரு யோசனை சொன்னாள். தெருவில் எல்லார் வீட்டுப் பரணிலும் எவர்சில்வர் தட்டும் டம்ளரும் சும்மாதானே கிடக்கின்றன, எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு விசேஷத்துக்கு ஆகும், தூக்கிப் போடும் தட்டு ஒன்றுகூட வேண்டாம் என்றாள்.

அரங்கநாதன் சோற்றில் வைத்த கையை எடுத்தார்.

"என் பொண்ணு விசேஷத்துக்கே என் கடை சரக்கு ஆவாதுன்னா, ஊர்ல எவன் வாங்குவான்?"

அவ்வளவுதான். எழுந்து கை கழுவிக்கொண்டு போனவர், அதற்குப் பிறகு மருமகளிடம் நேராகப் பேசவில்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால்கூடச் சுவரைப் பார்த்துக் கேட்டார்.

*

"குழலி, கதவத் தொறம்மா. கை ரெண்டும் அத்துப் போவுது."

பக்கத்து வீட்டு இருதயமேரி சாக்குப்பையை இடுப்பில் அணைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே தட்டுகள் கலகலத்தன. அவளுக்குப் பின்னால் தெருப் பெண்கள் ஒவ்வொருவராகக் கூடையும் அன்னக்கூடையுமாக வந்து கூடத்தில் இறக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் கூடத்து மூலையில் தட்டுகள் இடுப்புயரத்துக்கு அடுக்காக ஏறிவிட்டன.

ஒவ்வொரு தட்டிலும் பேர் வெட்டியிருந்தது. மஞ்சள் நீராட்டு விழா, புதுமனை புகுவிழா, அன்பளிப்பு, தேதி. யாரோ ஒருவர் வீட்டுச் சந்தோஷம் ஒவ்வொன்றின் விளிம்பிலும் புள்ளிப் புள்ளியாக இருந்தது.

"இது என் கல்யாணத் தட்டு," என்று ஒன்றை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்தாள் இருதயமேரி. "சேசுராஜ் இருதயமேரி திருமண நினைவாகன்னு போட்டுக்குது பாரு. கட்டின நாள்லேர்ந்து பரண்லயே கெடந்துது. இன்னைக்கித்தான் சோத்தப் பாக்கப் போவுது."

பின்கட்டில் சமையல் மும்முரமாக நடந்தது. புளிச்சோறு, எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல். தளவானூரிலிருந்து தெரிந்த விவசாயி ஒருவர் தோட்டத்துக் கத்தரிக்காயையும் வெண்டையையும் பைக்கில் கட்டிக் கொண்டுவந்து போட்டிருந்தார். வாசலுக்கு மாவிலையும் தென்னங்குருத்தும் கட்டியாகிவிட்டது. வருகிறவர்களுக்குத் தாம்பூலம் கொடுக்கப் பழைய புடவைகளைக் கிழித்து, தெருப் பெண்கள் ஒரு வாரமாக உட்கார்ந்து சிரித்துப் பேசித் தைத்த பைகள் தாம்பாளத்தில் பூப்போல இருந்தன.

அமலா குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து நின்றாள். வயிற்றின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு தட்டு அடுக்கைப் பார்த்தாள்.

"அண்ணி, ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"எங்க மாமியாரு மனசுல பட்டத அப்படியே சொல்லிடுவாங்க. நாலு பேரு எதிர்ல எதுனா சொல்லிட்டாங்கன்னா..." அவள் நிறுத்தினாள். "நைனா வேற இல்ல. எனக்கு பயமாக்குது."

"மாமா வருவாரு அமலா. முகூர்த்தத்துக்குள்ள வந்துடுவாரு."

சொல்லிவிட்டாளே தவிர, பூங்குழலிக்கே அதில் நம்பிக்கை இல்லை. என்னுடைய பிடிவாதத்துக்கு இந்தப் பெண்ணின் வளைகாப்புதானா கிடைத்தது என்று முதன்முறையாக அவளுக்குத் தோன்றியது.

புடவை மாற்ற அறைக்குள் போனபோது, கதவுக்குப் பின்னால் துப்பட்டி போர்த்தி ஏதோ வைத்திருப்பதைப் பார்த்தாள். துப்பட்டியை விலக்கினாள். பேப்பர் தட்டுக் கட்டுகள்.

"இது இன்னாங்க?"

சட்டை மாட்டிக்கொண்டிருந்த ரஞ்சித் திரும்பவில்லை. "ஒரு சேஃப்டிக்கு."

"மாமா குடுத்தாரா?"

"நானாத்தான் எடுத்தாந்தேன். அவருகிட்டயும் சொல்லல, உன்கிட்டயும் சொல்லல." பொத்தானைத் தப்பான ஓட்டையில் போட்டுவிட்டு மறுபடி கழற்றினான். "ரெண்டு பேருக்கும் நடுவுல நான் எங்க போயி நிக்கறது, நீயே சொல்லு. பாதியில தட்டு பத்தலன்னா மானம் போறது உனக்கில்ல, என் தங்கச்சிக்கு."

அவள் துப்பட்டியை மறுபடி இழுத்துப் போர்த்திவிட்டாள்.

*

திண்டிவனத்து வேன் வந்ததும் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

அமலாவின் மாமியார் ராஜாம்பாள் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். உயரமான பெண்மணி. சிரித்த முகம்தான், ஆனால் கண் எதையும் விடாது. மாவிலைத் தோரணத்தைப் பார்த்தாள், குருத்தோலைக் கிளிகளைப் பார்த்தாள், கூடத்துக்குள் நுழைந்ததும் தட்டு அடுக்கைப் பார்த்தாள்.

"சம்பந்தி எங்க?"

"கடையில லோடு, அத்தை. வந்துடுவாரு," என்றான் ரஞ்சித்.

"சரி, சரி," என்றாள் ராஜாம்பாள். ஆனால் உட்காரும்போது பக்கத்தில் இருந்த தன் தங்கையிடம் மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "ஊருக்கெல்லாம் தட்டு விக்கறவங்க. பொண்ணு விசேஷத்துக்கு ஓசித் தட்டு வாங்கி வச்சிருக்காங்க பாரு."

மணையில் உட்கார்ந்திருந்த அமலா தலையைக் குனிந்துகொண்டாள். பூங்குழலிக்குச் சுருக்கென்றது. வாயைத் திறந்தால் வார்த்தை தடித்துவிடும். சந்தனக் கிண்ணத்தை எடுத்து ராஜாம்பாளிடமே நீட்டினாள்.

"அத்தை, மொத வளையல் நீங்கதான் போடணும்."

ராஜாம்பாள் எழுந்தாள். மருமகளின் கன்னத்தில் சந்தனம் தடவினாள். பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்களை அவள் கையில் ஏற்றும்போது அவள் குனிந்த தலையை நிமிர்த்தாததைக் கவனித்தாள் போலும். "பயப்படாத. ரெண்டு பெத்தவ நான், இங்கதான இருக்கேன்," என்றாள். குரல் வேறு மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு பெண்கள் ஒவ்வொருவராக வந்து வளையல் போட்டார்கள். யாரோ பாட ஆரம்பித்தார்கள். அமலா ஒவ்வொருமுறை வாசல் பக்கம் நிழல் அசையும்போதும் நிமிர்ந்து பார்த்தாள். அரங்கநாதன் வரவில்லை.

*

சாப்பாட்டில் வேடிக்கையாக ஒன்று நடந்தது. யாரும் எதிர்பார்க்கவில்லை.

தட்டை வாங்கியதும் எல்லோரும் அதைத் திருப்பிப் பேர் படிக்க ஆரம்பித்தார்கள். "ஏய், என் தட்டுல உன் மாமியார் பேருடி." "இது யாரு, ஆதிமூலம்? நம்ம டெய்லர் ஆதிமூலமா?" என்று சத்தம். தன் வீட்டுத் தட்டு எதிர் வீட்டுக்காரி கையில் போனதைப் பார்த்து ஒருத்தி மாற்றிக்கொள்ளச் சொன்னாள். அவள் தர மறுத்தாள். திண்டிவனத்துக்காரர்களுக்கும் செஞ்சிக்காரர்களுக்கும் அறிமுகம் செய்துவைக்க ஆள் தேவைப்படவில்லை. தட்டுகளே அந்த வேலையைச் செய்தன.

ராஜாம்பாள் தன் தட்டைக் கண்ணுக்கு எட்டத்தில் பிடித்துப் படித்தாள்.

"சேசுராஜ் இருதயமேரி. யாரு இது?"

"நான்தாம்மா இருதயமேரி," என்று புளிச்சோற்றுக் கரண்டியோடு வந்தாள் பக்கத்து வீட்டுக்காரி. "சேசுராஜ் எங்க வீட்டுக்காரரு. இப்பத்தான் உங்க டம்ளர்ல மோரு ஊத்திட்டுப் போனாரு."

"உங்க கல்யாணத் தட்டா?"

"ஆமாம்மா. நீங்கதான் மொதல்ல சாப்டறீங்க."

ராஜாம்பாள் ஒரு கணம் தட்டைப் பார்த்தாள். "அப்ப இன்னும் ரெண்டு கரண்டி வையி," என்றாள்.

பூங்குழலி மூச்சு விட்டாள். அந்த நிம்மதி நீடிக்கவில்லை. வாசலில் இன்னொரு வேன் வந்து நின்றது. அமலாவைக் கட்டிய மாப்பிள்ளையின் அலுவலகத்துக்காரர்களும் அவர் பெரியப்பா குடும்பமும். வருவதாகச் சொல்லாமல் ஆசையாகக் கிளம்பி வந்துவிட்டவர்கள்.

சோறு இருந்தது. தட்டு இல்லை. சாப்பிட்ட தட்டுகள் பின்கட்டில் குவிந்து கிடந்தன. கழுவிக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் பந்தி பரிமாறப் போய்விட்டிருந்தார்கள்.

வந்தவர்கள் கூடத்தில் நின்றார்கள். ராஜாம்பாளின் பார்வை பூங்குழலியைத் தேடியது. மணையில் இருந்த அமலாவும் அவளைத்தான் பார்த்தாள். கோபமாக அல்ல, பாவமாக.

பூங்குழலி நேராக அறைக்குள் போனாள். துப்பட்டியை இழுத்து எறிந்தாள். கட்டைச் சுற்றியிருந்த நாடாவைப் பல்லால் கடித்தாள். என் கொள்கை கிடக்கட்டும், இந்தப் பெண் தலைகுனியக் கூடாது.

நாடா அறுவதற்குள் யாரோ அவள் கையைப் பிடித்தார்கள். ரஞ்சித். பட்டு வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்தான். முழங்கை வரை நுரை.

"வுடு," என்றான். "வந்தவங்களுக்கு மொதல்ல மோரு குடு. அமலாவுக்கு வளையல் போடச் சொல்லு. அதுக்குள்ள நான் முடிச்சிடறேன்."

"நீங்களா கழுவறீங்க?"

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

அவள் பின்கட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். வாழைக்கன்றுக்குப் போகும் வாய்க்கால் ஓரத்தில் மூன்று அன்னக்கூடைகளில் தண்ணீர். ரஞ்சித் சீயக்காய்த் தூளும் சாம்பலும் போட்டுத் தேய்த்தான், சேசுராஜ் அலசினார், மாப்பிள்ளை, புதுச் சட்டையோடு, துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். எச்சில் சோறு மாட்டுக்காரம்மா வைத்துவிட்டுப் போன வாளியில் தனியாகச் சேர்ந்தது. கழுவிய தண்ணீர் வாழைக்கும் முருங்கைக்கும் ஓடியது.

"மச்சான், இதுல ஒட்டிட்டுக்குது பாரு," என்று மாப்பிள்ளை ஒரு தட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"குடுய்யா. பெரிய இன்ஸ்பெக்டரு."

பூங்குழலிக்குப் பின்னால் ராஜாம்பாள் வந்து நின்றிருந்தாள். தன் மகன் தட்டுத் துடைப்பதை வெகுநேரம் பார்த்தாள்.

"எங்க வீட்ல குடிச்ச டம்ளர எடுத்து வைக்க மாட்டான்," என்றாள் கடைசியில். பிறகு, "ஏம்மா, ரெண்டு தட்டு குடு, நான் எடுத்துனு போறேன்," என்று கையை நீட்டினாள்.

*

எல்லோரும் கிளம்பிய பிறகு வீடு அமைதியானது. தெருப் பெண்கள் பேர் பார்த்து அவரவர் தட்டை எடுத்துப் போனார்கள். குப்பை என்று பார்த்தால் கொஞ்சம் பூவும் எலுமிச்சைத் தோலும்தான். அதுவும் மாடித் தொட்டிக்குப் போய்விட்டது.

அமலா மட்டும் மணைக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் முழங்கை வரை வளையல்.

"நைனா வரவே இல்ல, அண்ணி."

பூங்குழலி சமையற்கட்டுக்குப் போனாள். அடுக்குக் கேரியரை எடுத்து ஒவ்வொரு சோறாக வைத்து மூடினாள். செருப்பை மாட்டிக்கொண்டு பஜாரை நோக்கி நடந்தாள்.

ராஜகிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் வெயில் சாய்ந்துவிட்டிருந்தது. கடையில் விளக்கு எரிந்தது. அரங்கநாதன் கல்லாவில் இல்லை. உள்ளே கட்டுகளுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் கேரியரை எதிரில் வைத்தாள்.

"சாப்டுங்க மாமா."

அவர் கேரியரைப் பார்த்தார். பிறகு, எவ்வளவோ நாளுக்கு அப்புறம், அவள் முகத்தைப் பார்த்தார்.

"தட்டெல்லாம் யாரு கழுவனது?"

அவள் எதிர்பார்த்த கேள்வி அதுவல்ல. "மேரியக்கா, நானு, எல்லாருந்தான். அதிகமா கழுவனது உங்க புள்ள. மாப்பிள்ளையும் கூட ஒக்காந்தாரு."

"ரஞ்சித்தா?"

"ஆமாம் மாமா."

கடைக்கு வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"உங்க அத்தைய நீ பாத்ததில்ல," என்றார். "நாங்க அண்ணன் தம்பி நாலு பேரு. அவதான் கடைசி மருமவ. எந்த விசேஷம்னாலும் பாத்திரம் அவ தலையில. எல்லாரும் வெத்தல போட்டுனு பேசினிருப்பாங்க, அவ கெணத்தடியில ஒக்காந்திருப்பா. ரஞ்சித் வயித்துல இருந்தப்போ அவளுக்கு வளகாப்பு. அன்னைக்கி சாயங்காலமும் அவதான் தேச்சா. வளையலு ஒடஞ்சி கை கிழிஞ்சிடுச்சி. நான் பாத்துனு நின்னேன். பெரியவங்க இருக்காங்களேன்னு ஒண்ணும் சொல்லல."

பூங்குழலி கட்டு ஒன்றின்மேல் மெல்ல உட்கார்ந்தாள்.

"அப்புறந்தான் மெட்ராஸ்ல இந்தத் தட்டப் பாத்தேன். கழுவ வேணாம், தூக்கிப் போட்டுடலாம்னான் விக்கறவன். மொதக் கட்டு வாங்கியாந்து அவகிட்டதான் குடுத்தேன். நீ அத வேணாங்கற. இன்னைக்கி அமலாவ எவனாவது கெணத்தடியில ஒக்கார வச்சிடுவானோன்னு... என்னால அங்க வந்து பாக்க முடியாதும்மா."

"கடைக்காகத்தான் கோவம்னு நெனச்சேன் மாமா."

"கடைக்காகவுந்தான்," என்றார் அவர், மறைக்காமல்.

அவள் கேரியரைத் திறந்து முதல் அடுக்கை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். சர்க்கரைப் பொங்கலை ஒரு வாய் போட்டுக்கொண்டு மெதுவாக மென்றார்.

"மத்தியானம் கல்யாண மண்டபக்காரரு வந்தாரு," என்றார். "அவரு சம்சாரம் நம்ம வீட்டுக்கு வந்திருந்துதாம். ஆவணியில பெரிய கல்யாணம். பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு அந்தம்மா போன்லயே எல்லாத்தயும் சொல்லிடுச்சி. அவங்களுக்கும் இதே மாதிரி வேணுமாம். பேப்பர் தட்டு வேணாம், எவர்சில்வரா வாடகைக்கி ஏற்பாடு பண்ணுங்கன்றாரு."

பூங்குழலி கையிலிருந்த கேரியர் மூடியைக் கீழே வைத்தாள். அந்த மண்டபம் போனால் கடையில் பாதி போன மாதிரி என்பது அவளுக்குத் தெரியும்.

"நீங்க இன்னா சொன்னீங்க மாமா?"

"மருமவளக் கேட்டுச் சொல்றேன்னேன்."

அவர் கை கழுவிக்கொண்டு எழுந்தார். கேரியரை அடுக்கித் தானே எடுத்துக்கொண்டார்.

"அத்தன தட்ட யாரு கழுவுவாங்க? எந்தப் பொம்பள முதுகு ஒடியும்? அத மொதல்ல யோசி. பதில் வந்தா மத்தத பேசுவோம். வரலன்னா இந்தக் கட இப்படியேதான்."

ஷட்டரை இழுத்து மூடினார். இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள்.

அமலா எழுந்திருக்கப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று கையால் அமர்த்தி, அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தை எடுத்து மகளின் கன்னத்தில் தடவினார். அவள் அழுதாள். அவர் துடைத்துவிடவில்லை, அழட்டும் என்று விட்டுவிட்டார்.

எழுந்தபோது, தூணில் சாய்ந்திருந்த மகனிடம் சொன்னார்:

"காலையில கடைய நீ தொற. நானும் உன் பொண்டாட்டியும் மண்டபம் வரைக்கும் போவணும்."

ரஞ்சித் மனைவியைப் பார்த்தான். அவள் முகத்தில் சந்தோஷமும் இருந்தது, கலவரமும் இருந்தது. அத்தனை தட்டை யார் கழுவுவது என்பதற்கு அவளிடம் இன்னும் பதில் இல்லை. விடிவதற்குள் ஒன்று வேண்டும்.